ஐந்தாம் வரிசை ஓர நாற்காலி

1

இந்தக் கதை ஒரு நான்கு வரிச் செய்தியிலிருந்து கிளம்பியது. போன வருடம் ஒரு திங்கட்கிழமை நாளிதழின் ஏழாம் பக்கத்தில், மெத்தை விளம்பரத்துக்கு மேலே அது வந்திருந்தது. மறைந்த நாடக நடிகைக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது, மூத்த விமர்சகர் தம்முடைய புகழ்பெற்ற பத்தியை வாசித்தார், அரங்கமே கண்கலங்கியது. அவ்வளவுதான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த நான்கு வரி ஒரு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

[எழுத்தாளர்கள் "பிறகு சொல்கிறேன்" என்றால் ஏதோ தந்திரம் செய்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் தந்திரம் எதுவும் செய்யவில்லை. இப்போதே சொல்ல வெட்கமாக இருக்கிறது.]

கதையில் மூன்று பேர். ஒருவர் நாயகி. இரண்டாமவர் விமர்சகர், நாடக உலகம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் "கடைசி நாற்காலி". திரை விழுந்து, விளக்குப் போட்டு, கூட்டம் கலைந்து, பெருக்குகிறவர்கள் வந்து நிற்கும் வரை எழுந்திருக்க மாட்டார் என்பதால் வந்த பெயர். மூன்றாமவர் பிராம்ப்டர் அக்கா. பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, மேடையில் நடிகருக்கு வசனம் மறந்துபோனால் அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. குழுவில் அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் முட்டி மோதினேன்.

முதல் தொடக்கம்: "மேடை இருட்டியது. முன்னூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு—"

முன்னூறு பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்து நான் எந்த அரங்கிலும் பார்த்ததில்லை. குறைந்தது இருபது பேர் இருமுவார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "கலைஞனின் வாழ்வு என்பது—"

இதை அடித்தது எனக்கே நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது தொடக்கம் அந்தப் பத்திதான். அதை நான் தேடிப் போகவேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில் மனப்பாடம் செய்தது. அப்பா நாளிதழிலிருந்து வெட்டிக் கொடுத்தார், பள்ளியில் ஒப்பிப்பதற்காக. மற்றப் பிள்ளைகள் பாட்டும் கதையும் ஒப்பித்த மேடையில் நான் மட்டும் ஒரு நாடக விமர்சனத்தை ஒப்பித்தேன். இன்றைக்கும் பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்:

"கடிதத்தைப் படித்து முடித்தவுடன் எழுந்த அந்த ஒற்றை விசும்பல், இந்த அரங்கின் சுவர்களில் இன்னும் பல காலம் தங்கியிருக்கும். நாம் போன பிறகும் அது அங்கே இருக்கும்."

இந்த இரண்டு வாக்கியத்துக்காகத்தான் நான் பத்திரிகை வேலைக்கு வந்தேன். மிகைப்படுத்தவில்லை. ஒருவர் ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து இப்படி எழுத முடியுமென்றால், அந்த வேலைதான் எனக்கு வேண்டுமென்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

எழுதியவர் அந்த விசும்பலைக் கேட்கவே இல்லை என்பது போன வருடம்தான் தெரிந்தது. அவர் கேட்காதது மட்டுமில்லை. அன்றைக்கு அந்த மேடையில் யாரும் விசும்பவே இல்லை.

3

முப்பத்துநாலு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்தரைக் காட்சி. முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி. அப்போதெல்லாம் மூன்றாம் மணிக்குப் பிறகு வந்தால் அமைச்சரே ஆனாலும் கதவருகே நிற்கவேண்டியதுதான்.

பிராம்ப்டர் அக்கா இடது பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் இருக்கிறாள். மடியில் நோட்டு. முழங்காலருகே தகரக் குல்லாய் போட்ட சின்ன விளக்கு. பக்கத்தில் பவுடர் வாசனையும் பழைய திரைத்துணியின் புழுக்கமும். அவளுக்கு அந்த வாசனை இல்லாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

அவள் தொழிலுக்குச் சில விதிகள் உண்டு. முழு வசனத்தையும் கொடுக்கக் கூடாது, முதல் வார்த்தை மட்டும். நடிகர் எடுத்துக்கொள்ளாவிட்டால் மூன்று முறை கொடுக்கலாம். வாங்கிக்கொள்கிற நடிகர் எக்காரணம் கொண்டும் பக்கத்திரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அங்கே ஓர் ஆள் இருப்பது கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: நடிகர் வேண்டுமென்றே விட்ட மௌனத்தில் வார்த்தையைக் கொடுத்துவிடக் கூடாது. அதைவிடப் பெரிய பிழை அந்தத் தொழிலில் இல்லை.

"எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க, மறந்துட்டாங்களா நடிக்கிறாங்களான்னு?" என்று நான் கேட்டேன்.

"மூச்சுல தெரியும்மா. மறந்தவங்க மூச்ச உள்ள இழுப்பாங்க. நடிக்கிறவங்க வெளிய விடுவாங்க. இருபத்தொம்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் தப்பாக் கொடுத்ததில்ல."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இடைவேளையில் நாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையிலிருந்தே கரகரப்புதான், முதல் பாதியில் ஒரு சண்டைக் காட்சியில் கத்தியதில் மிச்சமிருந்த குரலும் போய்விட்டது. வெந்நீர் கொடுத்தார்கள், கழுத்தில் துணி சுற்றினார்கள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குழுத் தலைவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வெளியே கூட்டம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் நாயகி இருபது வருடம் மூத்தவளாக வருவாள். நரைத்த பொய்முடி, தடித்த கண்ணாடி, தலையோடு போர்த்திய சால்வை. முக்கால்வாசி நேரம் மேசை விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.

நாயகி பேசவில்லை, பேச முடியவில்லை. கையை நீட்டி முக்காலிப் பக்கம் காட்டினாள்.

"ஐயோ மேடம், நானா!" என்றாள் பிராம்ப்டர் அக்கா.

"வசனம் முழுக்க உனக்குத் தெரியுமில்ல? குரலும் உனக்கு வரும். தினமும் பேசிக் காட்டறவதானே நீ. போய் உட்காரு. அறிவிச்சா கூட்டம் கலைஞ்சிடும், அதனால வாயைத் திறக்காதீங்க யாரும்," என்றார் குழுத் தலைவர்.

இவ்வளவும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நடந்தது.

திரை உயர்ந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவுடன் அவள் கண் எங்கே போயிற்று தெரியுமா? எல்லா நடிகர்களுக்கும் போகிற இடத்துக்குத்தான். ஐந்தாம் வரிசை, ஓர நாற்காலி. விமர்சகரின் இடம்.

அது காலியாக இருந்தது.

"ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு," என்றாள் என்னிடம். "அப்புறம் எனக்கே என் மேல கோவம் வந்துச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு நாளு வந்து உக்காந்திருக்கேன், இந்த மனுஷன் இன்னிக்குப் பாத்தா எழுந்து போகணும்?"

கடிதக் காட்சி வந்தது. இருபது வருடம் கழித்துக் கணவனிடமிருந்து வரும் கடிதம். நாயகி எப்போதும் அதைப் படித்து முடித்து ஒரு விசும்பு விசும்புவாள். பிராம்ப்டர் அக்கா விசும்பவில்லை. கடிதத்தைப் பிரித்ததும் முதலில் மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். அப்புறம் விரல்விட்டு எண்ணினாள். அது எழுதப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று. பிறகுதான் படித்தாள். படித்து நாலாக மடித்து விளக்கின் அடியில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"அவ இருபது வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தவம்மா. அவளுக்கு முதல்ல தேதிதானே கண்ணுல படும்? நோட்டுல அந்த இடத்தப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோணும். நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

4

விமர்சகர் ஏன் எழுந்து போனார்?

இந்த இடத்தில் நான் மூன்று பதிப்பு எழுதினேன். ஒன்றில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி. அதைப் படித்துப் பார்த்தபோது அவரைக் காப்பாற்ற நான் அநியாயத்துக்கு ஆசைப்படுவது தெரிந்தது. இன்னொன்றில் பக்கம் சீக்கிரம் மூடவேண்டும் என்று அலுவலகம் நெருக்கியது. மூன்றாவதில் பல்வலி.

பல்வலி உண்மை. அது எப்படித் தெரியும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை விமர்சனம் வந்தது. பிராம்ப்டர் அக்கா வாசலிலேயே நின்று படித்தாள். கணவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முந்தின நாள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவரிடம் கொட்டியிருந்தாள், மனுஷன் பாதி நம்பியும் நம்பாமலும் கேட்டிருந்தார். "உன்னப் பத்தி ஒரு வரியும் காணோமே?" என்று தாளை வாங்கிப் பின்பக்கமும் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் விளையாட்டுச் செய்தி.

அவள் அன்றே நாளிதழ் அலுவலகத்துக்குப் போனாள். சண்டை போட அல்ல. "அழலைங்க சார், அன்னிக்கு யாரும் அழல" என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாம் என்று. வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். விமர்சகர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"வாங்கம்மா, நீங்க அந்தக் குழுவுல இருக்கறவங்கதானே? நேத்து உங்க மேடம் என்னமாப் பண்ணிட்டாங்க! அந்த ஒரு இடம் போதும், போங்க!" என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமா சார்," என்றாள்.

[இந்த இடத்தில் அவளுக்காக நான் நாலு வசனம் எழுதிப் பார்த்தேன். நறுக்கென்று கேட்பது மாதிரி. எல்லாம் நன்றாக இருந்தது. எதையும் அவள் சொல்லவில்லை.]

பல்வலி வெறும் காரணம்தான். வெள்ளிக்கிழமை ஒத்திகையைப் பார்த்துவிட்டு அவர் கடைசிப் பத்தியை வீட்டிலேயே எழுதி முடித்திருந்தார். எங்கள் தொழிலில் இது எல்லோரும் செய்வது. காட்சி முடியும் நேரத்துக்கும் பக்கம் மூடும் நேரத்துக்கும் நடுவில் ஒரு தேநீர்கூடக் குடிக்க முடியாது. அதனால் முடிவை முன்னாலேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவோம். காட்சியைப் பார்த்து அதில் ஒரு சொல்லை மாற்றுவோம், சில சமயம் அதுவும் இல்லை. பையில் பத்தி இருந்ததால்தான் அந்தப் பல்வலிக்கு அவரை எழுப்பிவிடும் தைரியம் வந்தது.

5

நாயகியைப் பற்றி எனக்குச் சந்தேகம். நல்லவளாக எழுதுவதா, கெட்டவளாகவா?

அவள் செய்தது இது. ஒரு மாதம் கழித்து விமர்சகர் ஒப்பனை அறைக்கு வந்தபோது, கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சார், அன்னிக்கு நீங்க இடைவேளையில கிளம்பிட்டீங்க. நானும் இடைவேளையிலயே முடிச்சுட்டேன். ரெண்டாம் பாதி பண்ணினது நம்ம பிராம்ப்டர். நாம ரெண்டு பேரும் பேசாம இருந்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது." சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். பிராம்ப்டர் அக்கா அதே அறையில் பொய்முடி சீவிக்கொண்டிருந்தாள். வசனம் எடுத்துக்கொடுக்கிறவர்கள் அறையில் இருப்பது யாருக்கும் உறைப்பதில்லை.

விமர்சகர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நாளிதழில் நாலாம் பக்கத்தின் அடியில் "திருத்தம்" என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு.* ஒரு பாடகரின் ஊர் தவறாக வந்துவிட்டதென்று அவர் ஒரே மாதத்தில் இரண்டு முறை அந்தக் கட்டத்தில் எழுதியவர். இதை மட்டும் எழுதவில்லை. "கடைசி நாற்காலி" பாதியில் எழுந்து போனார் என்று எப்படி எழுதுவார்?

(* அந்தக் கட்டத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது பொதுவான எண்ணம். தவறு. பிராம்ப்டர் அக்கா அதை முப்பத்துநாலு வருடம் தினமும் படித்தாள்.)

ஆனால் நாயகி இதையும் செய்தாள்: அதற்குப் பிறகு எந்த நாடகமானாலும், எந்தக் குழுவானாலும், "எனக்கு என் பிராம்ப்டர் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். நன்றியா? கண்காணிப்பா? ஊர் ஊராக ஒரே வேனில் போனார்கள். பின்சீட்டில் திரைச்சீலை மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு ஒருத்தி வசனம் சொல்ல, இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். யாருக்கு முதலில் தூக்கம் வருகிறதோ அவள் மற்றவள் தோளில் சாய்ந்தாள். பிராம்ப்டர் அக்கா அந்த வேனைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. "அதெல்லாம் இனிமே வராதும்மா. அவங்க எனக்குத் துரோகம் பண்ணினாங்கன்னு வச்சுக்கோங்க. ஆனா அவங்க தோள் மாதிரி ஒரு தோள்ல நான் தூங்கினதில்ல."

அந்தப் பத்தி நாயகியைச் சும்மா விட்டதா என்றால் அதுவும் இல்லை. சுவரொட்டிகளில் "அந்த ஒற்றை விசும்பல்!" என்று போட்டார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் வாரம் ஒன்றாவது விசும்பச் சொன்னார்கள். கல்யாணக் காட்சியில் விசும்பினாள், வீடு வாங்கும் காட்சியில் விசும்பினாள், ஒரு சோப்பு விளம்பரத்தில்கூட விசும்பினாள். அவளுக்குச் சிரிக்க வைக்கும் வேடங்கள்தான் பிடிக்கும். கடைசி வரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தான் எழுப்பாத ஒரு விசும்பலை இருபத்தெட்டு வருடம் விசும்பித் தீர்த்தாள்.

சரி, நல்லவளாகவும் வேண்டாம், கெட்டவளாகவும் வேண்டாம். வேனில் தூங்கியவள் என்று விட்டுவிடுகிறேன்.

6

இனி, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு மாலைக் காட்சி. பாதி நாடகம். அதற்கா இவ்வளவு?

பிராம்ப்டர் அக்காவின் வீட்டில் ஒரு கேலி உண்டு. அது அவள் கணவர் தொடங்கி வைத்தது. யாராவது கொஞ்சம் அளந்துவிட்டால் "ஆமாமா, ரெண்டாம் பாதி!" என்பார்கள். மகள் பரீட்சை நன்றாக எழுதியதாகச் சொன்னால் "ரெண்டாம் பாதி!" பக்கத்து வீட்டுக்காரர் இளமையில் ஓட்டப்பந்தய வீரர் என்றால் "ரெண்டாம் பாதி!" கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் கேலி வீட்டில் தங்கிவிட்டது. மகளும் மருமகனும் சொன்னார்கள். இன்னும் பேச்சு வராத கைக்குழந்தைப் பேத்திகூட அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் கை தட்டினாள்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் எல்லோரும் அவளிடம் உயிரையே வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் அவள்தான் முதலில் சிரிப்பாள். முப்பத்துநாலு வருடம் சிரித்தாள்.

குழுவில் உண்மை தெரிந்தவர்கள் ஏழு பேர். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நாயகியும் போன பிறகு மிச்சம் அவளும் விமர்சகரும்தான். அவள் சொன்னால் அது "ரெண்டாம் பாதி". விமர்சகர் சொன்னால்தான் உண்டு.

7

அஞ்சலிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அதே அரங்கில். மேடையில் நாயகியின் பெரிய படம், அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்துதான் தேடி எடுத்தார்களோ! மூன்றாம் வரிசையில் பிராம்ப்டர் அக்கா. பக்கத்தில் மகள்.

இருக்கைகளுக்குப் புதிதாக உறை போட்டிருந்தார்கள். பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலி இருந்த இடத்தில் ஏதோ இயந்திரம் பச்சை விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. அக்கா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா அங்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. அங்கதான் உக்காந்திருப்பேன்."

விமர்சகரைக் கூப்பிட்டார்கள். எழுபத்தெட்டு வயது. படியேற ஒரு கை கொடுத்தார்கள். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார், பழுப்பேறிய வெட்டுத்துண்டு. "எல்லாரும் கேட்டுக்கிட்டதால..." என்று தொடங்கினார். நாயகியைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"கடிதத்தைப் படித்து முடித்தவுடன்..."

நிறுத்தினார்.

அரங்கம் காத்திருந்தது. பத்து விநாடி, அதற்கு மேலும் இருக்கும். ஒலிபெருக்கியில் தாள் உரசும் சத்தம் கேட்டது.

[இங்கே அவர் மனதுக்குள் நுழைந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். குற்ற உணர்ச்சி, முதுமை, காலியான ஓர நாற்காலி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.]

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தாழ்ந்த குரல், ஆனால் மேடை வரை பிசகாமல் போய்ச் சேரும் குரல்.

"எழுந்த..."

பிராம்ப்டர் அக்கா அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிட்டாள்.

"வாய் தானாப் போயிடுச்சும்மா," என்றாள் பிறகு என்னிடம். "மேடையில ஒருத்தர் நின்னுட்டா எனக்குப் பொறுக்காது. பத்தி வேற மனப்பாடம். கொடுத்த பிற்பாடுதான் தெரிஞ்சுது, அவரு மூச்ச உள்ள இழுக்கல. வெளிய விட்டாரு. அது மறதி இல்ல. வேற ஏதோ சொல்ல வந்திருக்காரு மனுஷன். இருபத்தொம்பது வருஷத்துல பண்ணாத தப்ப, அன்னிக்குன்னு பாத்துப் பண்ணிட்டேன்."

வார்த்தையை வாங்கிக்கொள்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? விமர்சகர் பார்த்தார். தாளிலிருந்து தலையைத் தூக்கி, நேராக மூன்றாம் வரிசையை.

8

முடிவுகள்.

ஒன்று: அவர் வார்த்தையை வாங்கிக்கொள்கிறார். "எழுந்த அந்த ஒற்றை விசும்பல்" என்று தொடர்ந்து வாசித்து முடிக்கிறார். கைதட்டல். மகள் அம்மாவின் காதில், "பரவாயில்லையே, நீதான் சாருக்கே ஞாபகப்படுத்தின!" என்கிறாள். பிராம்ப்டர் அக்கா சிரிக்கிறாள்.

இரண்டு: அவர் தாளை மடித்துப் பையில் வைக்கிறார். "அன்னிக்கு யாரும் விசும்பலை. நான் இல்லவும் இல்லை. அந்தம்மா அதோ உக்காந்திருக்காங்க, என்ன நடந்ததுன்னு அவங்களையே கேளுங்க" என்கிறார். மகள் திரும்பி அம்மாவை—

மூன்று: அக்காவே எழுந்து நிற்கிறாள். இதை நம்பாதீர்கள். எழுந்து நிற்கிறவளாக இருந்தால் முப்பத்துநாலு வருடத்துக்கு முன்பே வரவேற்பறையில் நின்றிருப்பாள்.

இரண்டாவதைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள். நானும்தான். எழுதிவிடலாம், எனக்குக் கை வராமல் இல்லை.

9

இப்போது சொல்கிறேன். ஏழாம் பக்கத்து நான்கு வரிச் செய்தியை எழுதியது நான்தான்.

அன்று நான் அந்த அரங்கில் இருந்தேன். பத்திரிகைக்காரர்களுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில். ஐந்தாம் வரிசை ஓர நாற்காலி என்று சொன்னால் கதைக்காக ஜோடிக்கிறேன் என்பீர்கள், ஆனால் பத்திரிகைக்காரர்களுக்கு எப்போதும் அந்த இடம்தான். எழுந்து போக வசதி. விமர்சகர் தலையைத் தூக்கிப் பார்த்த அந்த நேரத்தில் என் கைப்பேசி அதிர்ந்தது. இணையப் பதிப்புக்குச் செய்தி உடனே வேண்டுமாம். எனக்குப் பதற்றமே இல்லை. செய்தியை முந்தின நாள் மாலையே எழுதி வைத்திருந்தேன். "புகழ்பெற்ற வரிகளை அவர் வாசித்தபோது அரங்கமே கண்கலங்கியது." நிகழ்ச்சி நிரலில் வாசிப்பார் என்று போட்டிருந்தது, எப்படியும் வாசிக்கத்தானே போகிறார் என்று. வெளியே வந்து, ஒரு பொத்தானை அழுத்தினேன். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து, நாயகியைப் பற்றி ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை எழுத பிராம்ப்டர் அக்கா வீட்டுக்குப் போனேன். இதுவரை நீங்கள் படித்ததையெல்லாம் அவள் அங்கேதான் சொன்னாள். "எழுந்த" என்று வார்த்தை கொடுத்தது வரை சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியுமே. நீங்க இருந்தீங்கல்ல?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஆமாக்கா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். என் செய்தியை அவள் படித்திருந்தாளா? படிக்காமல் இருந்திருக்க மாட்டாள். விமர்சகர் எழுதிய அதே நாளிதழ்தானே, அந்த வாரம் திருத்தக் கட்டத்தையும் தினமும் பார்த்திருப்பாள்.

மற்றவர்களைக் கேட்டுப் பார்க்காமல் இல்லை. கூட்டத்துக்கு வந்த ஒருவர் "அழகா வாசிச்சாரே" என்றார். அவர் வாசித்ததை என் செய்தியில் படித்திருக்கலாம். இன்னொருவர் "ஏதோ சொன்னார்மா, மைக் சரியில்ல" என்றார். கடைசியில் விமர்சகருக்கே தொலைபேசி செய்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். மூச்சை உள்ளே இழுத்தாரா வெளியே விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை, நான் பிராம்ப்டர் இல்லை.

"அதான் நீங்களே எழுதிட்டீங்களேம்மா," என்றார். வைத்துவிட்டார்.

அன்று அவர் உண்மையைச் சொல்லியிருந்தால், முப்பத்துநாலு வருடம் கழித்துக் கிடைத்த அந்த ஒரு வரியை அழித்தவள் நான். பன்னிரண்டு வயதில் மனப்பாடம் செய்த பத்தியை வைத்தே அழித்திருக்கிறேன். இதற்குமேல் இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அழுகையாக வருகிறது.

ஒரே ஒரு தடயம் இருக்கிறது. அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது அக்கா, "ஒரு காலத்துல நான் ஒரே மூச்சுல மூணு மாடி ஏறுவேன்" என்றாள். மகள் தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவள், பழக்கத்தில், "ஆமாமா, ரெண்டாம்—" என்று தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விருந்தாளி இருக்கிறாளே என்று நிறுத்தினாளா? இல்லை, இனி அந்தக் கேலியைச் சொல்ல முடியாது என்பதாலா? ஒரு வருடமாக யோசிக்கிறேன்.

10

முடிவை நான் எழுத மாட்டேன். பார்க்காத முடிவை எழுதியவர்கள் இந்தக் கதையில் ஏற்கனவே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "குறிப்பிட்ட நேரத்தில் எமது நிருபர் அரங்கில் இல்லை." அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து இன்னொரு வரி எழுதினேன்: "அன்று இரண்டாம் பாதியில் நடித்தவர் குழுவின் பிராம்ப்டர். அவர் விசும்பவில்லை. தேதியைப் பார்த்தார்." முதல் வரி வந்துவிடும். இரண்டாவதற்கு ஆதாரம் கேட்கிறார்கள்.

ஆனால் நான் பார்த்தது ஒன்று உண்டு. அதைப் பார்த்தேன் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கைப்பேசியோடு கதவருகே போனவள் ஒரு முறை திரும்பினேன். விமர்சகர் இன்னும் மூன்றாம் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் கீழே இறங்கியிருந்தது. பிராம்ப்டர் அக்காவுக்கு இன்னும் இரண்டு முறை வார்த்தை கொடுக்க உரிமை இருந்தது. அவள் கொடுக்கவில்லை. உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் ஒன்றும் புரியாமல் மேடையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு என் பின்னால் மூடிக்கொண்டது.

நீங்கள் போய்விடாதீர்கள். ஐந்தாம் வரிசையில் ஓர நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். பையில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். சத்தம் போடாதீர்கள், அவர் பேசப் போகிறார்.